பீருக்குப் புதுசா? ஐஸ் மாதிரி வேணாம், நுரை வேணும், கொஞ்சமா போதும்

பீர்னு வாயெடுத்தாலே ஆளாளுக்கு ஒரு சட்டம் வச்சிருக்காங்க. பல்லு கூசுற அளவுக்கு ஜில்லுனு இருக்கணும், நுரை வந்தா ஊத்தத் தெரியலன்னு அர்த்தம், கறுப்பா இருந்தா ஸ்ட்ராங்கு, கசப்பைத் தாங்கினாத்தான் ரசனை, கிளாஸைக் கையில எடுத்தா பாதில வைக்கக் கூடாது. புதுசா வர்றவங்க இதையெல்லாம் வேதவாக்கா எடுத்துக்கறாங்க, நாலஞ்சு தடவை குடிச்சுட்டு "இதுல என்ன இருக்கு, வெறும் கசப்புத் தண்ணி"ன்னு விட்டுடறாங்க, இல்லன்னா ருசியே பாக்காம போதைக்கு மட்டும் குடிச்சுப் பழகிடறாங்க. ரெண்டுமே எனக்கு வருத்தமா இருக்கும், ஏன்னா பீர்ல ருசி பாக்கறதுக்கு அவ்வளவு இருக்கு. கீழ நான் சொல்லப்போறதுல பாதிக்கு மேல உங்க கூட்டாளிங்க ஒத்துக்க மாட்டாங்க. பரவால்ல, ஒவ்வொரு படியையும் நீங்களே செஞ்சு பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. இதுவரைக்கும் குடிச்சதே இல்லன்னா தொடங்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. மதுவைப் புற்றுநோய் உண்டாக்கற பொருள்னு சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1988லயே முதல் பிரிவுல சேர்த்துடுச்சு, உடம்புக்குப் பாதகமில்லாத அளவுன்னு எதுவும் கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரில தெளிவா சொல்லிடுச்சு. கர்ப்பமா இருக்கறவங்க, மருந்து மாத்திரைல இருக்கறவங்க, சட்டப்படி வயசு வராதவங்க, குடியை விட்டுட்டு வந்தவங்க, இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்ல. எப்படியும் குடிக்கறதுன்னு முடிவு பண்ணிட்டவங்களுக்கு, கம்மியா குடிச்சாலும் நல்லதா குடிக்கறது எப்படின்னு சொல்றேன், அவ்வளவுதான்.

படி 1: சாதா லாகர்லேர்ந்தே ஆரம்பிங்க

பீர்ல கொஞ்சம் ஊறினவங்ககிட்ட கேட்டா "லாகரா? அது தண்ணி, நேரா ஐபிஏ குடி"ன்னுதான் சொல்லுவாங்க. ஐபிஏன்னா இந்தியா பேல் ஏல், ஹாப்ஸ்ங்கற கசப்புப் பூவை நிறையப் போட்ட பீர். நான் நேர்மாறா சொல்றேன். முதல்ல ஒரு நல்ல பில்ஸ்னர் குடிங்க, அது லாகர்ல ஒரு வகை.

பீர்ல பெரிய குடும்பம்னா ரெண்டு, ஏல், லாகர். வித்தியாசம் நிறத்துல இல்ல, பீரைப் புளிக்க வைக்கற ஈஸ்ட்ல இருக்கு. ஏல் ஈஸ்ட் கிட்டத்தட்ட 15லேர்ந்து 24 டிகிரி சூட்டுல வேகமா வேலை பாக்கும், பழ வாசனை, மசாலா வாசனைன்னு நிறைய விட்டுட்டுப் போகும். லாகர் ஈஸ்ட் 7லேர்ந்து 13 டிகிரி குளிர்ல நிதானமா புளிக்க வைக்கும், அப்புறம் அந்த பீர் வாரக்கணக்குல இன்னும் குளிர்ல கிடக்கணும், அதனால ருசி சுத்தமா வரும். சுத்தமா வர்றதுனாலதான் காய்ச்சறவர் பண்ண தப்பு எதையும் அதுல மறைக்க முடியாது. வெண்ணெய் வாசனை அடிச்சா டயசெட்டைல் மிச்சம் இருக்குன்னு அர்த்தம், பச்சை ஆப்பிள் வாசனை வந்தா அசிட்டால்டிஹைட், வேகவச்ச மக்காச்சோளம் மாதிரி இருந்தா டைமெத்தில் சல்ஃபைடு. ஒரு ஐபிஏல இதெல்லாம் இருந்தாலும் ஹாப்ஸ் வாசனை மூடி மறைச்சுடும், பில்ஸ்னர்ல மூக்கு வரைக்கும் வந்து நிக்கும். எது நல்லா காய்ச்சினது எது அரைகுறைன்னு தெரிஞ்சுக்க இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இந்த வகை பொறந்த கதையே தப்பான பீரை வெறுத்ததுலேர்ந்துதான் வருது. செக் நாட்டுல பில்சென்ங்கற ஊர்ல பீர் அவ்வளவு மோசமா வந்துக்கிட்டு இருந்ததாம், 1838ல பீப்பாய் பீப்பாயா தெருவுல கொட்டிட்டு, ஊர்க்காரங்களே சேர்ந்து புதுசா ஒரு ஆலை கட்டி, ஜெர்மனில இருக்கற பவேரியாவுலேர்ந்து ஜோசஃப் க்ரோல்ங்கற காய்ச்சறவரைக் கூட்டிட்டு வந்தாங்க. 1842ல அவர் வெளுப்பான மால்ட் (முளைகட்டிக் காயவச்ச பார்லி), சாட்ஸ் ஊர் ஹாப்ஸ், அந்த ஊரோட உப்பு கம்மியான மென்மையான தண்ணி, லாகர் ஈஸ்ட் எல்லாத்தையும் சேர்த்து காய்ச்சினதுதான் தங்க நிறத்துல பளிச்சுன்னு வந்த பில்ஸ்னர். இன்னிக்கு உலகம் பூரா விக்கிற வெளுப்பான லாகருங்க அந்த வழில வந்ததுங்கதான்.

இதோட ஒட்டி இன்னொண்ணு, இதுக்கும் சண்டைக்கு வருவாங்க. அரிசியோ மக்காச்சோளமோ சேர்த்தா அது போலி பீர்னு ஒரு பேச்சு இருக்கு. 19ஆம் நூற்றாண்டுல ஜெர்மனிலேர்ந்து அமெரிக்கா போன காய்ச்சறவங்களுக்கு அங்க கெடச்சது ஆறு வரிசை பார்லி, அதுல புரதம் ஜாஸ்தி, அதை மட்டும் போட்டா பீர் கலங்கலா கனமா வந்துது, அதனால அரிசியும் சோளமும் கலந்து தெளிய வச்சாங்க. அதுவும் ஒரு தொழில் நுணுக்கம்தான். உடனே 1516ல வந்த பவேரியா தூய்மைச் சட்டத்தை எடுத்துக் காட்டுவாங்க. பார்லி, ஹாப்ஸ், தண்ணி மூணும் மட்டும்னு சொன்ன அந்தச் சட்டத்துல ஈஸ்ட் பேரே கிடையாது, பீர் என்ன விலைக்கு விக்கணும்ங்கறதும் அதுலயே இருந்துது. அதை வச்சு இன்னிக்கு ஒரு கிளாஸ் நல்லதா கெட்டதான்னு தீர்ப்பு சொல்ல முடியாது. குடிச்சுப் பாத்துத்தான் சொல்லணும்.

படி 2: நிறத்தைப் பாக்காதீங்க, லேபிளைப் பாருங்க

கறுப்பு பீரைப் பாத்தாலே "ஐயோ ஸ்ட்ராங்கு"ன்னு பயப்படறவங்க நிறைய. கறுப்பு பீரான கின்னஸ் ட்ராஃப்ட்ல ஆல்கஹால் 4.2 சதவீதம், பல சாதா லாகரை விடக் கம்மி. பெல்ஜியத்துல துறவிகள் மடத்துல காய்ச்சற வெஸ்ட்மால் ட்ரிப்பல் தங்க நிறத்துல அப்பாவியா இருக்கும், அதுல 9.5 சதவீதம். கறுப்பு எங்கேர்ந்து வருதுன்னா வறுத்த பார்லிலேர்ந்தும் வறுத்த மால்ட்லேர்ந்தும். மொத்த தானியத்துல கொஞ்சமே கொஞ்சம் கருக வறுத்துப் போட்டாலே கிளாஸ் பூரா கறுத்துடும், அதுக்கும் போதைக்கும் சம்பந்தமே இல்ல.

கணக்குப் போட்டுப் பழகிக்கங்க. 330 மில்லில 5 சதவீதம்னா சுத்த ஆல்கஹால் சுமார் 13 கிராம். அதே 330 மில்லி 9.5 சதவீதம்னா கிட்டத்தட்ட 25 கிராம், அதாவது ஒண்ணு குடிச்சாலும் ரெண்டு குடிச்ச கணக்கு. சராசரி உடம்பு மணிக்கு 7லேர்ந்து 10 கிராம் வரைக்கும்தான் கரைக்கும், காபி குடிச்சாலும் குளிச்சாலும் அந்த வேகம் கூடாது.

படி 3: கசப்பு போட்டில சேராதீங்க

ஐபிஏ எனக்குப் பிடிக்கும். ஆனா அதைப் புதுசா வர்றவங்க கையில முதல் கிளாஸாக் குடுக்கறது தப்புன்னு நினைக்கிறேன், அதைவிடத் தப்பு "இதைக் குடிக்க முடியலன்னா உனக்கு ரசனை இல்ல"ன்னு சொல்றது. கசப்பை அளக்க ஐபியுன்னு ஒரு எண் போடுவாங்க. ஒரு லிட்டர்ல ஐசோ ஆல்ஃபா அமிலம் எத்தனை மில்லிகிராம்ங்கறதைத்தான் அது தோராயமா காட்டும், உங்க நாக்குல எவ்வளவு கசக்கும்ங்கறதை இல்ல. மால்ட் இனிப்பு நிறைய இருக்கற ஒரு இம்பீரியல் ஸ்டவுட்ல (ஆல்கஹால் ஜாஸ்தியான கறுப்பு ஏல்) 60 போட்டிருந்தாலும் மெத்துனு இருக்கும், இனிப்பு இல்லாம வறட்சியா இருக்கற பில்ஸ்னர்ல 40 போட்டிருந்தா அது நல்லாவே கசக்கும். எண்ணைப் பாத்து வாங்காதீங்க.

ஐபிஏ பத்தி எல்லாரும் சொல்ற ஒரு கதை உண்டு, இந்தியாவுக்கு வர்ற கப்பல் பயணத்துல பீர் கெட்டுப் போச்சு, அதனால ஒருத்தர் ஹாப்ஸை அள்ளிப் போட்டு புதுசா ஐபிஏவைக் கண்டுபிடிச்சார்னு. அது சரியில்ல. வெளுப்பான ஏல் அதுக்கு முன்னாடியே இங்கிலாந்துல இருந்துது, வெயில் ஊருக்கு அனுப்பற பீர்ல ஹாப்ஸ் கூடப் போடறதும் ஏற்கனவே தெரிஞ்ச வழக்கம், போர்ட்டர்ங்கற கறுப்பான பீரும் அதே கப்பல்ல வந்து நல்லாத்தான் இறங்கிச்சு. லண்டன்ல ஹாட்ஜ்சன்னு ஒரு காய்ச்சறவரோட ஆலை கப்பல் துறைக்குப் பக்கத்துல இருந்தது, கேப்டன்களுக்குக் கடனுக்கும் குடுத்தாரு, அதனால அவரு பீர் நிறைய வந்துச்சு. வியாபாரம்தான் காரணம்.

இப்ப வர்ற கலங்கலான ஐபிஏ வேற ரகம், பழச்சாறு மாதிரி இருக்கும், கசப்பு ரொம்பக் கம்மி. அதை ஏளனமா பாக்கறவங்க இருக்காங்க, எனக்கு அந்த ஏளனம் பிடிக்கல. ஆனா அதுல ஒரு நிபந்தனை இருக்கு, புதுசா இருக்கணும். ஹாப்ஸ் வாசனை வாரக்கணக்குல மங்கிடும். ஆறு மாசம் ஷெல்ஃப்ல நின்னதை வாங்கிக் குடிச்சுட்டு "ஐபிஏ எனக்கு ஆகாது"ன்னு முடிவு கட்டாதீங்க, நீங்க குடிச்சது ஐபிஏவோட மிச்சம். தேதி போடாத ஐபிஏவை நான் வாங்கறதே இல்ல.

படி 4: பாட்டிலை விட டின் நல்லது, பச்சை பாட்டில் வேணாம்

டின்னு மட்டம், பாட்டில் உசத்திங்கறது வெறும் பழக்கதோஷம். 1935லேர்ந்து டின் பீர் விக்குது, அந்தக் காலத்து டின்ல உலோக வாசனை வந்திருக்கலாம், இப்ப உள்பூச்சு இருக்கறதால பீர் உலோகத்தைத் தொடவே தொடாது. டின்ல வெளிச்சம் போகாது, காத்தும் நுழையாது.

வெளிச்சம் ஏன் பிரச்சனைன்னா, ஹாப்ஸ் கசப்புப் பொருள் மேல நீல வெளிச்சமும் புற ஊதா வெளிச்சமும் பட்டா, பீர்ல இருக்கற ரைபோஃப்ளேவினும் சேர்ந்து அதை உடைச்சு ஒரு கந்தகப் பொருளை உண்டாக்கும். ஸ்கங்க்ங்கற விலங்கு பீச்சுற நாத்தத்தோட நெருங்கின சொந்தம் அது. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிஞ்சுடும். பழுப்பு பாட்டில் பெரும்பாலும் தடுக்கும், பச்சை பாட்டிலும் நிறமில்லாத பாட்டிலும் தடுக்காது. பச்சை பாட்டில் பீருக்குன்னு ஒரு "தனி ருசி" இருக்குன்னு சிலர் பெருமையா சொல்லுவாங்க, பல சமயம் அது இந்த நாத்தம்தான், அதையே ருசின்னு பழகிட்டாங்க.

நம்பலன்னா ஒரு சோதனை பண்ணுங்க. டின்ல இருக்கற ஒரு லாகரை ரெண்டு கண்ணாடி கிளாஸ்ல சமமா ஊத்துங்க. ஒண்ணை அலமாரிக்குள்ள வைங்க, இன்னொண்ணை நேர் வெயில்ல பத்து பதினஞ்சு நிமிஷம் வைங்க. திரும்பி வந்து ரெண்டையும் மோந்து பாருங்க. ஒரு தடவை அந்த வித்தியாசம் மூக்குல ஏறிடுச்சுன்னா ஜென்மத்துக்கும் மறக்காது.

வீட்ல வைக்கறதுன்னா நிக்க வைங்க, குளிர்ல வைங்க, இருட்டுல வைங்க. பிரிட்ஜ்லேர்ந்து வெளிய எடுத்து மறுபடி உள்ள வச்சா கெட்டுடும்னு சொல்றது உண்மை இல்ல, ஒரு தடவை ரெண்டு தடவை சூடு ஏறி இறங்கறதால ஒண்ணும் ஆகாது. நாள்கணக்கா சூட்டுல கிடக்கறதுதான் ஆபத்து, அப்ப ஆக்ஸிஜன் வேலை பாத்து நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி ஒரு ருசி வந்துடும்.

படி 5: பிரிட்ஜ்லேர்ந்து எடுத்துட்டுக் காத்திருங்க

இதைச் சொன்னா அடிக்கவே வருவாங்க, ஆனா நான் மனசாரச் சொல்றேன்: ஐஸ் மாதிரி பீர் குடிக்கறது பீருக்குப் பண்ற அநியாயம். குளிர் கூடக்கூட நாக்கு மரத்துப் போகும், வாசனை மேல எழும்பாது, கார்பன் டை ஆக்சைடு மட்டும் சுருக்குன்னு குத்தும். ருசியே இல்லாத பீரை விக்கணும்னா ஜில்லுனு குடுக்கறது வசதி, ஏன்னா அப்ப எதுவும் தெரியாது. நல்ல பீரை அப்படிக் குடிச்சா ஆலையில இருந்தவங்க மாசக்கணக்கா பாடுபட்டது வீண்.

ஃப்ரீசர்ல வச்சு உறைபனி பிடிச்ச கிளாஸ் இன்னும் மோசம். உள்ள ஒட்டின பனி உருகிப் பீர்ல தண்ணியா கலக்கும், அந்தச் சொரசொரப்புல பட்டு நுரை கன்னாபின்னான்னு பொங்கி அடங்கிடும், ஃப்ரீசர்ல இருக்கற வாசனையெல்லாம் கிளாஸ்ல ஏறியிருக்கும். எங்க போனாலும் "சாதா கிளாஸ் குடுங்க"ன்னு கேட்டு வாங்குங்க.

என் கணக்கு இதுதான். வீட்டு பிரிட்ஜ் சுமார் 4 டிகிரி. வெளுப்பான லாகரை எடுத்து ஒரு பத்து நிமிஷம் வெளிய வைங்க, 6, 7 டிகிரிக்கு வரும். கோதுமை பீர் 7, 8. ஐபிஏ, பேல் ஏல் எல்லாம் 8லேர்ந்து 12. 9 சதவீதத்துக்கு மேல போற ஸ்டவுட்டுக்கும் பெல்ஜியம் ஏலுக்கும் 12, 13 வேணும், அதை அரைமணி நேரத்துக்குக் குறையாம வெளிய வச்சிருங்க. எத்தனை நிமிஷம்ங்கறது ரூம் சூட்டைப் பொறுத்தது, புழுக்கமான ரூம்னா பாதி நேரம் போதும். இங்கிலாந்துல வெதுவெதுன்னு பீர் குடிப்பாங்கன்னு கிண்டல் பண்ணுவாங்க இல்லையா, அவங்க பீப்பாய்லேர்ந்து பிடிக்கற காஸ்க் ஏல் 11லேர்ந்து 13 டிகிரில வர்றது, நிலவறைக் குளிர். வெதுவெதுப்பு இல்ல. அந்தச் சூட்டுலதான் அந்த ஏலோட மால்ட் பேசும்.

இதுக்கும் ஒரு சோதனை. கனமான ஸ்டவுட் ஒண்ணை பிரிட்ஜ்லேர்ந்து எடுத்த உடனே ஒரு வாய் குடிங்க, பத்து நிமிஷம் கழிச்சு ஒரு வாய், இருபது நிமிஷம் கழிச்சு ஒரு வாய். முதல்ல வெறும் கசப்பு. அப்புறம் காபி மாதிரி ஏதோ. கடைசில சாக்லேட், உலர்ந்த திராட்சை, கருகின சர்க்கரைன்னு ஒவ்வொண்ணா வெளிய வரும். ஒரே கிளாஸ், ஒரே பீர்.

படி 6: கிளாஸ்

இதுல ரொம்ப யோசிக்க வேணாம். ஒவ்வொரு வகைக்கும் ஒரு கிளாஸ் வாங்கி அடுக்கறது அலமாரிக்கு அழகு, ருசிக்கு அவ்வளவா ஒண்ணும் இல்ல. அடி அகண்டு வாய் கொஞ்சம் குறுகின ஒரே ஒரு டுலிப் கிளாஸ் போதும், அது இல்லன்னா ஒயின் கிளாஸே போதும்.

முக்கியம் சுத்தம். எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பு மிச்சமும் நுரைக்கு எமன். ஊத்தின பீர்ல கிளாஸ் உள்பக்கச் சுவர்ல குமிழிங்க கொத்துக்கொத்தா ஒட்டிக்கிட்டு நின்னா அந்த எடத்துல அழுக்கு இருக்குன்னு அர்த்தம். பார்க்க அழகா இருக்குன்னு அதைப் போட்டோ எடுத்துப் போடுவாங்க, எனக்கு அதைப் பாத்தா கஷ்டமா இருக்கும். ஊத்தறதுக்கு முன்னாடி பச்சைத் தண்ணில ஒரு அலசு அலசிடுங்க, ஈரமா இருந்தா பரவால்ல.

டின்லேர்ந்தே, பாட்டில்லேர்ந்தே குடிக்காதீங்க. அமெரிக்கால வெர்மான்ட் மாநிலத்துல காய்ச்சற ஹெடி டாப்பர்ங்கற புகழ்பெத்த ஐபிஏ டின் மேலயே "டின்லேர்ந்து குடி"ன்னு போட்டிருக்கு, வாசனை வீணாகாம இருக்கும்ங்கறது அவங்க வாதம். காய்ச்சினவங்க பேச்சை மதிக்கிறேன், ஆனா மூக்கு உள்ள போக முடியாத ஒரு ஓட்டை வழியா குடிச்சா அந்த வாசனை யாருக்கு? பாதி ருசி மூக்குலதான் இருக்கு.

படி 7: நுரையோட ஊத்துங்க

கிளாஸைச் சாய்ச்சுப் பிடிச்சு, சுவர் ஓரமா மெதுவா, நுரையே வராம முழுசா ஊத்தறதைத்தான் திறமைன்னு நினைக்கிறோம். அப்படி ஊத்தினா பீர்ல இருக்கற காஸ் அப்படியே பீர்லயே நிக்கும், நீங்க குடிச்சதும் வயித்துக்குள்ள போய் அங்க வெளிய வரும். பீர் குடிச்சா வயிறு உப்புதுன்னு சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம். கிளாஸ்ல வர வேண்டிய நுரை வயித்துல வருது.

நுரைங்கறது வெறும் காத்து இல்ல. மால்ட்ல இருக்கற புரதமும் ஹாப்ஸோட கசப்புப் பொருளும் சேர்ந்து குமிழியைப் பிடிச்சு நிறுத்துது. அந்தக் குமிழி உடையும்போதுதான் வாசனை மூக்குக்கு வருது, கீழ இருக்கற பீரைக் காத்துலேர்ந்து மூடியும் வைக்குது, உதட்டுல மெத்துனு படுது.

ஊத்தற விதம்: முதல்ல கிளாஸை 45 டிகிரி சாய்ச்சு பாதி வரைக்கும் ஊத்துங்க, அப்புறம் நிமித்தி நடுவுல நேரா ஊத்துங்க, பயப்படாம. நுரை மேல வந்துச்சுன்னா நிறுத்துங்க, அடங்கட்டும், மறுபடி ஊத்துங்க. ரெண்டு விரல் கனத்துக்கு நுரை நிக்கணும். கிளாஸ் பெரிசா இருக்கணும்ங்கறது இதனாலதான், 330 மில்லி பீருக்கு 400 மில்லிக்கு மேல பிடிக்கற கிளாஸ் எடுங்க.

செக் நாட்டுல இதை ஒரு கலையாவே வச்சிருக்காங்க. பக்கவாட்டுல திருகுற குழாய், நுனில ஒரு சன்னமான வலை, குழாய் நுனியைக் கிளாஸ்க்குள்ள வச்சு முதல்ல ஈரமான நுரையை நிரப்பிட்டு அதுக்கு அடில பீரை விடுவாங்க. ஹ்லாடிங்காங்கற சாதாரண ஊத்துலயே மூணு விரல் நுரை இருக்கும். ம்லீக்கோன்னு ஒண்ணு, அந்த மொழில பால்னு அர்த்தம், கிளாஸ் பூரா கிட்டத்தட்ட நுரைதான், இனிப்பா பால் மாதிரி இறங்கும், அடங்கறதுக்குள்ள குடிச்சுடணும். "எனக்கு நுரையை வித்து ஏமாத்திட்டான்"னு சண்டை போடற எடத்துல பிறந்த பழக்கம் இல்ல அது. கிளாஸ்ல அளவுக்கோடு போட்டிருந்தா அந்தக் கோடு வரைக்கும் பீர் வந்திருக்கான்னு பாருங்க, கோட்டுக்கு மேல நுரை வந்தா சந்தோஷப்படுங்க.

ரெண்டு மூணு விதிவிலக்கு. கோதுமை பீர், அதாவது ஹெஃபெவைசன், கடைசி கொஞ்சம் மிச்சம் இருக்கும்போது பாட்டிலை மெதுவா சுழட்டி அடில இருக்கற ஈஸ்ட்டையும் சேர்த்து ஊத்துங்க. அந்த வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் பழமோ மசாலாவோ போட்டு வந்தது இல்ல, ஈஸ்ட் உண்டாக்கினது. அதுல எலுமிச்சைத் துண்டைச் சொருகிக் குடுத்தா எடுத்து வெளிய வச்சுடுங்க. எலுமிச்சைத் தோல் எண்ணெய் நுரையைக் கொன்னுடும், அந்த மெல்லிசான கிராம்பு வாசனையும் போயிடும். நைட்ரஜன் ஸ்டவுட் வேற கணக்கு, அதுல கலக்கற காஸ்ல முக்கால்வாசி நைட்ரஜன். நைட்ரஜன் பீர்ல லேசுல கரையாது, அதனால குமிழி குட்டிகுட்டியா வரும், நுரை க்ரீம் மாதிரி நிக்கும். குமிழிங்க கீழ்நோக்கிப் போற மாதிரி தெரியுது இல்லையா, அது கண் மயக்கம் இல்ல, நடுவுல மேல ஏறற ஓட்டம் ஓரத்துல கீழ இறங்கும்போது குட்டிக் குமிழிங்களையும் இழுத்துட்டுப் போகுது.

படி 8: மோந்துட்டு, கொஞ்சமா, மூணு வாய்

முதல் வாயை வச்சுத் தீர்ப்பு சொல்லாதீங்க. நாக்கு கசப்புக்குப் பழகவே ரெண்டு வாய் ஆகும், மூணாவது வாய்லதான் பீர் தெரியும். நாக்கோட பின்பக்கத்துலதான் கசப்பு தெரியும், அதனால பீரை விழுங்கினாத்தான் ருசி பாக்க முடியும், துப்பக்கூடாதுன்னு ஒரு பேச்சு உண்டு. நாக்கு முழுக்கவே எல்லா ருசியும் தெரியும், அந்தப் பழைய நாக்குப் படம் தப்பு. நாலு வகை ருசி பாக்கற நாள்ல துப்பறது ஒண்ணும் அவமானம் இல்ல.

புளிப்பு பீரைக் கடைசிக்கு ஒதுக்கி வைக்காதீங்கங்கறதும் என் கருத்து. "அது முத்தினவங்களுக்கு"ன்னு சொல்லுவாங்க. நான் பாத்த வரைக்கும் பீரே பிடிக்காதுன்னு சொன்ன பல பேருக்குப் பிடிச்ச முதல் பீர் செர்ரிப்பழம் போட்ட லாம்பிக்தான், கசப்பு இல்லையே. பிரஸ்ஸல்ஸ் சுத்துவட்டாரத்துல காத்துல இருக்கற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தானா விழுந்து புளிக்கற பீர் அது, மரப் பீப்பாய்ல ஒரு வருஷம், ரெண்டு வருஷம், மூணு வருஷம் இருந்ததைக் கலந்தா கூஸ்னு பேரு. குதிரை லாயம், பழைய தோல்னு வாசனை சொல்லுவாங்க, பயப்படாதீங்க, பிரெட்டனோமைசீஸ்ங்கற ஈஸ்ட்டோட வேலை அது.

மார்க் போடற ஆப்களைப் பாத்து வாங்கறதா இருந்தா ஒண்ணு நினைவுல வைங்க, அங்க மேல நிக்கறதெல்லாம் பெரும்பாலும் 10 சதவீதத்துக்கு மேல இருக்கற ஸ்டவுட்டுங்களும் கிடைக்காத அபூர்வங்களும். ஒரு வாய்ல பளிச்சுனு தெரியறதுக்கு மார்க் விழுது. ஒரு கிளாஸ் முழுக்கச் சலிக்காம கூட வர்றதுக்கு அங்க மார்க் இல்ல.

படி 9: கூட்டத்தோட இருக்கும்போது

இந்தப் படிக்காகத்தான் மத்ததெல்லாம் எழுதினேன்னு கூட சொல்லலாம். ரவுண்டு ரவுண்டா வாங்கற பழக்கம் நட்புன்னு சொல்லுவாங்க, ஆனா அஞ்சு பேர் உக்காந்தா அஞ்சு ரவுண்டு, அதுல வேகமா குடிக்கறவர் எவரோ அவரோட வேகத்துக்கு மத்த நாலு பேரும் ஓடணும். நான் அதுல சேர்றதில்ல. "எனக்கு நானே வாங்கிக்கறேன், மெதுவா குடிப்பேன்"னு முதல் ரவுண்டுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, நடுவுல சொன்னா சங்கடம் ஆகும். ஒரே மூச்சுல குடிக்கச் சொல்லிக் கைதட்டறவங்க பக்கத்துல உக்காராதீங்க, அது விளையாட்டு இல்ல, ரத்தத்துல ஆல்கஹால் சர்ருனு ஏறி ஆஸ்பத்திரி வரைக்கும் போனவங்க உண்டு.

சின்ன கிளாஸ் கேளுங்க. கைப்பிடி வச்ச பெரிய பீர் மக் வீரத்துக்கு அடையாளம்னு நினைக்கிறோம், ஒரு லிட்டர் மக்கோட கடைசி கால் பங்கு சூடேறி காஸ் போய் செத்துப் போயிருக்கும். ஜெர்மனில கொலோன் நகரத்துல க்யோல்ஷ்ங்கற பீரை 200 மில்லி ஒடிசலான கிளாஸ்லதான் குடுப்பாங்க. தீரத்தீர பரிமாறறவரே புது கிளாஸ் வைப்பாரு, எத்தனை குடிச்சீங்கன்னு கிளாஸ் அடில இருக்கற அட்டைல கோடு போட்டுக்கிட்டே போவாரு, போதும்னா அந்த அட்டையை எடுத்துக் கிளாஸ் மேல மூடி வச்சுட்டாப் போதும், யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. வாயே திறக்காம "போதும்"னு சொல்ல ஒரு வழி வச்சிருக்காங்க பாருங்க, அது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

"இது பொம்பளைங்க பீர், இது ஆம்பளைங்க பீர்"னு பிரிக்கறவங்க பேச்சையும் கேக்காதீங்க. சுமேரியர்களுக்குப் பீர் தெய்வமே நின்காசிங்கற பெண் தெய்வம்தான். ஹாப்ஸ் சேர்த்தா பானம் சீக்கிரம் கெடாதுன்னு 12ஆம் நூற்றாண்டுல எழுதி வச்சவங்க ஹில்டகார்ட்ங்கற ஜெர்மன் கன்னியாஸ்திரி. ஐரோப்பால பல நூற்றாண்டு வீட்ல பீர் காய்ச்சினது பெண்கள்தான்.

அப்புறம் ஆல்கஹால் இல்லாத பீர். பல நாட்டுல 0.5 சதவீதத்துக்கு மேல போகாததை அப்படிச் சொல்றாங்க. அழுத்தத்தைக் குறைச்சு வச்சா ஆல்கஹால் கம்மி சூட்டுலயே ஆவியாகிடும், அதனால இப்ப வெந்த வாசனை இல்லாம எடுக்க முடியுது, கோதுமை பீர்லயும் ஐபிஏலயும் நல்லா வருது. ரெண்டாவது கிளாஸா இதை எடுக்கறது என் வழக்கம். பீர் குடிக்கறவங்க கூட்டத்துல இதைக் குடிக்கறவரைக் கேலி பண்ணா நான் அவர் பக்கம்தான் உக்காருவேன். வண்டி ஓட்டணும்னா முதல் கிளாஸே இதா இருக்கட்டும்.

பிடிக்காத பீரை முழுசா முடிக்கணும்னு எந்தக் கடமையும் இல்ல. பாதில வைங்க, சிங்க்ல கொட்டுங்க, காசு போச்சுன்னு உடம்புக்குள்ள கொட்டாதீங்க.

படி 10: குடிச்சு முடிச்ச கிளாஸைப் பாருங்க

கழுவப் போடறதுக்கு முன்னாடி கிளாஸை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. கிளாஸ் சுத்தமா இருந்து, பீர் நல்லா இருந்து, நீங்க நிதானமா குடிச்சிருந்தா, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு நுரை வளையம் படிப்படியா உள்பக்கம் ஒட்டிக்கிட்டு இருக்கும், எண்ணிப் பாத்தா எத்தனை வாய்ல குடிச்சீங்கன்னே சொல்லிடலாம். வளையமே இல்லாம வழவழன்னு இருந்தா கிளாஸ்ல பிசுக்கு இருந்திருக்கலாம், நுரை நிக்காத பீரா இருந்திருக்கலாம். பீர் பேரு, தயாரிச்ச தேதி, எவ்வளவு நேரம் வெளிய வச்சீங்க, மூணாவது வாய்ல என்ன தெரிஞ்சுது, இந்த நாலையும் போன்ல குறிச்சு வச்சுக்கங்க. அப்புறம் வாசனை இல்லாத சோப்பு துளியூண்டு போட்டு, சுடுதண்ணில நல்லா அலசி, துணியால துடைக்காம, காத்துப் போற மாதிரி கம்பித் தட்டுல கவுத்து வைங்க.